இடது பக்கத்து ஓட்டை

இடது பக்கம் ஓட்டை. அதுதான் கோளாறு. வேறொன்றும் இல்லை.

எழுதிக்கொண்டீரா? சரி. கிளம்பும்.

என்ன நிற்கிறீர்? முத்துநகர் யுனைடெட் எப்படி லீக்கை ஜெயித்தது என்று கேட்டீர். இடது பக்கம் ஓட்டை இருந்தது, அடைத்தோம், ஜெயித்தோம். இதற்குமேல் என்ன வேண்டும்? இதற்காகவா சென்னையிலிருந்து ரயிலேறி வந்தீர்?

பக்கம் நிரப்ப வேண்டும் என்கிறீர். பத்திரிகைக்காரன் பாடு. சரி, உட்காரும். அந்த ஓரத்தில் வேண்டாம், ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே. புகாரி கார் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். காயல்பட்டணம் போகவேண்டும், டாக்டரைப் பார்க்க. அவன் வரும்வரை சொல்கிறேன். வந்ததும் எழுந்துவிடுவேன். பாதியில் நின்றாலும் நின்றதுதான்.

புகாரியைத் தெரியுமல்லவா? எங்கள் கோல்கீப்பர். கேப்டனும் அவன்தான். நான் இன்னாசிமுத்து, கோச். இங்கே யாரும் கோச் என்று கூப்பிட மாட்டார்கள். மாஸ்டர் என்பார்கள். அதை எழுத வேண்டாம். எழுதினாலும் சரி.

இந்தாரும், பனங்கற்கண்டு. தின்பதற்கில்லை, பாரும். இந்தப் பெரிய கட்டி புகாரி, கோல் வாசலில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் இந்த நாலு கட்டி நாலு பேக். நடுவில் இரண்டு பேர். வலது ஓரம் ரைட் பேக். இடது ஓரம் லெஃப்ட் பேக். லெஃப்ட் பேக் என்ன செய்யவேண்டும்? நம்மிடம் பந்து இருந்தால் ஏறவேண்டும். பந்து போய்விட்டால் இறங்கவேண்டும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதுதான் வித்தை. தப்பான நேரத்தில் ஏறினால் முதுகுக்குப் பின்னால் காலி இடம். அதில் எதிராளி விங்கர் பந்தை உருட்டிக்கொண்டு உள்ளே வருவான். நடுவில் நிற்கிற பேக் அவனைத் தடுக்கப் போனால் நடுவும் காலி. பிறகு கோல். அவ்வளவுதான் பந்தாட்டம். இதைத்தான் இப்போது பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள்.

போன வருஷம் பாதி சீசன்வரை நாங்கள் வாங்கிய கோல் எல்லாம் இந்த வழியாகத்தான். பாரும், இந்த இடது...

லெஃப்ட் பேக் எங்கே?

தின்றுவிட்டீரா? தின்பதற்கில்லை என்று சொன்னேன். என்ன ஆளய்யா நீர். சரி, போகட்டும். அப்போது ஆட்டத்திலும் அவன் அந்த இடத்தில் இல்லைதான்.

அவன் பெயர் ஜெனிஸ்டன். தூத்தூர்க்காரன். கன்னியாகுமரிப் பக்கம் கடலோர ஊர், வீட்டுக்கு வீடு பந்தாடுகிறவன் இருப்பான். இடது கால் கத்தி. நானே நேரில் போய்ப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவன் ஊர் மைதானத்தில் அவனைத் தாண்டி ஒரு ஈ போகவில்லை. இங்கே பயிற்சியிலும் அப்படியே. இடது பக்கம் கல்லுமாதிரி. பயிற்சியில் நடுவில்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள். நடுவில் நான் விசிலோடு நிற்பேன். வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் ஜெனிஸ்டன் வேறு ஆள். ஏறவேண்டிய நேரத்தில் நிற்பான், நிற்கவேண்டிய நேரத்தில் ஏறுவான். இத்தனைக்கும் நான் பக்கத்திலேயே இருக்கிறேன். இந்த பெஞ்சைப் பாரும், கோட்டைப் பாரும். எட்டி நின்றால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். ஆட்டம் முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏறு. இறங்கு. உள்ளே வா. வெளியே போ. பின்னால் பார். முன்னால் பார். ஒரு நொடி விடவில்லை. அப்படிச் சொல்லியும் கோல்.

ஒருநாள் ஹாஃப் டைமில் பிடித்துக் கேட்டேன்.

"ஏம்ல, காது கேக்கா, இல்ல அடச்சிப்போச்சா?"

"கேக்குது மாஸ்டரே. அதுதான் பிரச்சனை" என்றான்.

"என்னல பிரச்சனை?"

"எனக்க கால் ரெண்டுதானே உண்டு? ஒரு கால ஏறச் சொல்லுதிய, மத்த கால இறங்கச் சொல்லுதிய. நான் எந்தக் கால கேப்பேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடற்கரைப் பையன்களுக்கு வாய்த்துடுக்கு அதிகம். நானும் கடற்கரைதான், அதனால் தெரியும்.

இதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. எழுதும். உம்மைப்போல வந்தவன் எவனும் இதைக் கவனிக்கவில்லை. முதல் பாதியில்தான் ஓட்டை இடது பக்கம். இடைவேளைக்குப் பிறகு அது வலது பக்கம் போய்விடும். ஜெனிஸ்டன் அந்தக் கோடியில் கல்லுமாதிரி நிற்பான். இந்தப் பக்கம் ரைட் பேக் தடுமாறுவான். ஆள் மாற்றினேன், அவனும் தடுமாறினான். இன்னொருவனைப் போட்டேன், அவனும் தடுமாறினான். முதல் பாதியில் நன்றாக ஆடிய பயல்தான், இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததும் கெட்டுப்போவான்.

நான் கண்டுபிடித்தேன். எதிராளி கோச்சுகள் வேலை. இடைவேளையில் தாக்குகிற பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள். எல்லா டீமும் ஒரே மாதிரியா என்று கேட்பீர். ஒரே மாதிரிதான். எல்லாரும் ஒரே படிப்புப் படித்து ஒரே சான்றிதழ் வாங்கியவர்கள். எனக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. அதனால்தான் பிடிபட்டது.

பிடிபட்டு என்ன? தோற்றுக்கொண்டே இருந்தோம். பாதி சீசன் முடியும்போது கடைசி இடம். முதலாளி கூப்பிட்டனுப்பினார். உப்பள முதலாளி. நல்ல மனுஷன், ஆனால் சுருக்கமாகப் பேசுவார்.

"மாஸ்டர், கடைசி எடத்துல சீசன் முடிஞ்சா டீமக் கலச்சிருவேன். உப்பு விக்கதுக்குப் பந்து எதுக்கு?"

"இடது பக்கம் ஓட்டை முதலாளி, அடச்சிருவேன்" என்றேன்.

"இடதோ வலதோ, அடச்சிட்டுச் சொல்லும்" என்றார்.

அவர் சொன்னால் செய்வார். டீம் கலைந்தால் ஜெனிஸ்டன் மாதிரி ஆட்கள் வேறெங்காவது போய்விடுவார்கள். சிலருக்கு வேறு போக்கிடம் கிடையாது, வீட்டுக்குத்தான். இந்த வயதில் என்னை எந்த டீமும் கூப்பிடாது. எனக்குத் தெரியும். உச்சுக்கொட்டாதீர். எழுதும்.

அந்த நேரத்தில்தான் ரின்மா வந்தான். மிசோரம்காரன். முழுப்பெயர் லால்ரின்மாவியா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும், அதனால் ரின்மா. ரைட் பேக். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. இங்கிலீஷ் அவனுக்கும் சுமார், எனக்கும் சுமார். பிற்பாதியில் என் முன்னால் ஆடுகிறான், நான் கத்துகிறேன், அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான். நல்ல சிரிப்பு. கோபம்கூட வராது.

அவன் ஆடிய முதல் மூன்று மேட்சிலும் பிற்பாதியில் ஓட்டை இல்லை.

அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி டீம் நடத்த முடியாது. சொல்கிறதைப் புரிந்துகொள்ளாத ஆளை வைத்து எப்படி வேலை வாங்குவது? அவனிடமே கேட்டு அவன் பாஷையில் நாலு வார்த்தை படித்தேன். ஏறு, இறங்கு, உள்ளே, வெளியே. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். என் சம்சாரம், "ஜெபமா சொல்லுதிய?" என்று கேட்டாள். அடுத்த மேட்சில் கத்தினேன். ரின்மாவுக்குச் சந்தோஷம். திரும்பிப் பார்த்து, புரிந்தது என்று கட்டைவிரலைக் காட்டினான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் முதுகுக்குப் பின்னால் பந்து போய்க் கோல்.

பாஷை புரிந்ததும் பயல் கெட்டுப்போனான். இதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். புதுசில் பயத்தோடு ஆடுவார்கள். பழகிவிட்டால் மெத்தனம்.

இனி ஆளை மாற்றிப் பயனில்லை, அமைப்பையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். இதுதான் உம் கட்டுரைக்கு முக்கியம். கோடு போட்டுக்கொள்ளும். நாலு பேக்கை மூன்றாக்கினேன். இரண்டு ஓரத்து ஆட்களையும் கொஞ்சம் முன்னால் ஏற்றினேன். ஓரத்தில் பந்து போனால் மூன்று பேரில் ஒருவன் நகர்ந்து அடைப்பான், மற்ற இருவரும் அவன்பின்னால் சரிவார்கள். கதவுத் தாழ்ப்பாள்மாதிரி. நானே யோசித்தது. இந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தது.

முதல் மேட்சிலேயே பலன் கிடைத்ததா என்றால், இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அமைப்பு ஊறவேண்டும். ஊறுகாய்கூட ஊறத்தான் வேண்டும்.

என்ன, கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்? காட்டும். என்ன இது, சிவப்புப் புள்ளி? பாதி சீசன்வரை எங்கள் பாதிக்குள் எதிராளி புகுந்த இடமெல்லாமா? பரவாயில்லை, உழைத்திருக்கிறீர்.

படம் தப்பு. ஒரே பக்கம் சிவப்பாக இருக்கிறதே. முதல் பாதியில் இடது, பிற்பாதியில் வலது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே? இரண்டு பாதியையும் ஒன்றாகப் போட்டீரா? மைதானத்தைத் திருப்பாமல், அப்படி அப்படியே? அப்படியென்றால் எல்லாம் மேற்குப் பக்கம். ஆமாம், இடைவேளையில் டீம் பக்கம் மாறுகிறதல்லவா, முதல் பாதியின் இடதும் பிற்பாதியின் வலதும் ஒரே பக்கம்தான். மேற்கு. இந்த பெஞ்ச் இருக்கிற பக்கம்.

இதை நான் முன்பே கவனித்திருக்கிறேன். காற்று. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடல். சாயங்காலம் கடல் காற்று மேற்கே தள்ளும். பந்து இந்தப் பக்கம் ஒதுங்கும். இதெல்லாம் கம்ப்யூட்டரில் வராது. வெளியில் நின்று முகத்தில் வாங்கினால்தான் தெரியும்.

கோயம்புத்தூரில் கிழக்குப் பக்கம் சிவப்பா? இருக்கும். அங்கே பாலக்காட்டுக் காற்று, மேற்கேயிருந்து வருகிறது. கிழக்கே தள்ளும். பார்த்தீரா, சரியாக வருகிறது. அங்கே பெஞ்ச் கிழக்கே இருந்ததா என்று எதற்குக் கேட்கிறீர்? பெஞ்ச் எங்கே இருந்தால் என்ன? பெஞ்சா பந்தாடுகிறது? ஆமாம், கிழக்கேதான் இருந்தது.

சென்னையிலும் கிழக்கா. அங்கேயும் கிழக்கேதான் கடல், காற்று கடலிலிருந்துதானே வரும் என்கிறீர்.

சென்னைக் காற்றை நம்ப முடியாது.

மூடும் அதை. கண் கூசுகிறது. எந்த இடத்தில் விட்டேன்? ஊறுகிற இடத்தில். அமைப்பு ஊறிக்கொண்டிருந்தது, நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம், என் தொண்டை கட்டிவிட்டது. கட்டாமல் என்ன செய்யும்? ஒரு சாயங்காலம் மேட்ச் முடிந்து புகாரி வந்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். இதோ நீர் இருக்கிற இடத்தில்தான்.

"மாஸ்டர், உங்க தொண்டை சரியில்ல."

"மேட்ச்சே சரியில்ல, தொண்டைக்கு என்னல?"

"அப்படிச் சொல்லாதீங்கோ. எங்க பெரியப்பா இப்படித்தான் அசட்டையா இருந்து பேச்சே போயிடுச்சி. காயல்பட்டணத்துல ஒரு டாக்டர் இருக்காங்கோ. தொண்டைக்குன்னே உள்ள டாக்டர். நாளைக்கே காட்டிருவோம்."

பேச்சு போய்விடும் என்றதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. பேச்சு போனால் கோச்சுக்கு என்ன மிச்சம்? போனோம். டாக்டர் சின்ன வயசு. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஆ காட்டச் சொன்னார். காட்டினேன். புகாரி என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"எத்தனை வருஷமா கத்துறீங்கோ?"

"முப்பது வருஷத்துக்கு மேல."

"எங்கே நின்னு?"

"லைன் ஓரமா."

டாக்டர் புகாரியைப் பார்த்தார். புகாரி தலையாட்டினான்.

"உள்ளே புண்ணு மாதிரி இருக்கு. இனிமே கத்தக் கூடாது. சீசன் முடியிற வரைக்கும்."

சீசன் என்றார், கவனியும். விஷயம் தெரிந்த டாக்டர். சாதாரண டாக்டர் என்றால் மூன்று மாதம், நாலு மாதம் என்பார்கள்.

"விசில் ஊதலாமா டாக்டர்?" என்று புகாரி கேட்டான். எனக்குத் தோன்றவே இல்லை, அவன்தான் கேட்டான்.

"விசிலும் கூடாது. காத்து உரசும்."

"கையக் கிய ஆட்டிச் சைகை காட்டலாமா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கைய ஆட்டினா கழுத்து நரம்பு இழுக்கும். கூடாது."

"எந்திரிச்சி நிக்கலாமா?"

"உக்காந்தே இருக்கிறது நல்லது."

எவ்வளவு அக்கறையாகக் கேட்டான் பாரும். சொந்த மகன்கூடக் கேட்டிருக்க மாட்டான். மருந்து ஒன்றும் எழுதவில்லை. மேட்ச் நடக்கிற நேரம் முழுக்க வாயில் பனங்கற்கண்டு ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார். பெரிய கட்டியாக. பீஸ் வாங்கவில்லை. வெளியே வந்தால், உள்ளேயிருந்து ஒரு பொம்பளைப்பிள்ளை வட்டிலப்பம் என்கிற இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. எதற்குச் சிரித்ததோ. நோயாளிக்கு வட்டிலப்பம் கொடுக்கிற ஆஸ்பத்திரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காயல்பட்டணத்தில் உபசாரம் அதிகம்.

அடுத்த மேட்ச். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான மேட்ச் கிடையாது. வாய் நிறையக் கற்கண்டு. கை பரபரக்கிறது. "தொடைக்கு அடியில வச்சுக்கோங்க மாஸ்டர்" என்று புகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையார்மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் கிறிஸ்தவன், ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

ஜெனிஸ்டன் வழக்கம்போல என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் பார்த்தான். கற்கண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன். அதில் என்ன உத்தரவு இருக்கிறதென்று அவன் யோசித்ததுபோலிருந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான். புகாரி பின்னாலிருந்து ஒரு விரலைத் தூக்குவான், ஜெனிஸ்டன் ஏறுவான். கையை விரிப்பான், நிற்பான். புகாரிக்குக் கோல் வாசலிலிருந்து எல்லாரும் முன்னால் தெரிவார்கள். ஒரு வார்த்தை, ஒரு விரல். மற்ற நேரம் பயல் தானாகவே பார்த்து ஆடினான்.

ஓட்டை இல்லை. முதல் பாதியிலும் இல்லை, பிற்பாதியிலும் இல்லை. ரின்மா இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்க முடியாது, கற்கண்டு விழுந்துவிடும். ஜெயித்தோம்.

அமைப்பு ஊறிவிட்டது. அன்றைக்குத்தான் ஊறியது. அரை சீசன் கத்திக் கத்தி உள்ளே இறக்கியிருந்தேனே, அது அன்றைக்கு வேலை செய்தது. இல்லாவிட்டால் ஒரே நாளில் எப்படி மாறும்? நீரே சொல்லும்.

அதென்ன, மேலே பார்க்கிறீர்?

அதற்குப் பிறகு யாராலும் எங்களைத் தொட முடியவில்லை. மேட்சுக்கு மேட்ச் ஜெயித்து ஒவ்வொரு இடமாக மேலே ஏறினோம். பத்திரிகையில் ‘மூன்று பேர் தாழ்ப்பாள்’ என்று எழுதினார்கள். வெளியூர் கோச்சுகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களும் அதையே ஆடிப் பார்த்தார்கள், தோற்றார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. அமைப்பைக் காப்பியடிக்கலாம், ஊறவைப்பதைக் காப்பியடிக்க முடியாது. அவர்கள் எல்லாரும் லைனில் நின்று கத்திக்கொண்டே இருந்தார்கள், அதை நான் பார்த்தேன். பாவம், தொண்டை போய்விடும்.

கடைசி மேட்சைச் சொல்லிவிடுகிறேன். கார் இன்னும் வரவில்லை. இதே மைதானம். ஜெயித்தால் லீக் எங்களுக்கு. ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். முடிய இன்னும் கொஞ்ச நேரம். ஊர் பூராவும் வந்து நிற்கிறது. முதலாளி மேலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குக் காலில் தசை பிடித்து ரின்மா வெளியே போய்விட்டதால் இருந்த ஆட்களை இடம்மாற்றி, ஜெனிஸ்டனை வலது பக்கம் போட்டிருந்தேன். பிற்பாதி. அதனால் அவன் என் முன்னால்.

அந்த நேரம் பார்த்து என் வாயில் கற்கண்டு தீர்ந்துவிட்டது.

ஜெனிஸ்டன் முன்னால் காலி இடம். என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஏறினால் இன்னொரு கோல். புகாரி பின்னாலிருந்து கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கோட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஏறுல!"

ஒரே வார்த்தை. ஜெனிஸ்டன் ஏறினான். பந்து பறிபோனது. அவன் விட்ட இடத்தில் எதிராளி உள்ளே நுழைந்தான். புகாரியோடு ஒற்றைக்கு ஒற்றை. அடித்தான். புகாரியின் விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் பட்டு வெளியே போனது.

புகாரி எழுந்தான். மண்ணைத் தட்டவில்லை. எதிராளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

"மாஸ்டர்! தொண்டை!"

ஏறிப்போன இடத்திலிருந்து ஜெனிஸ்டன் ஓடிவந்துகொண்டே, "தொண்டை மாஸ்டரே, தொண்டை!" என்றான். பெஞ்சில் இருந்த பையன்கள் எழுந்து, "தொண்டை மாஸ்டர்" என்றார்கள். வேலிக்குப் பின்னால் நின்ற மீன்மார்க்கெட் ஆட்களுக்கு எப்படித் தெரிந்ததோ, அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "தொண்டை! தொண்டை!" கைதட்டிக்கொண்டு மைதானம் முழுக்க. மேலே முதலாளியும் எழுந்து நின்று கத்தினார், "யோவ் மாஸ்டர், தொண்டை!" காலில் ஐஸ் கட்டியிருந்த ரின்மா நொண்டிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, வாயில் ஒரு கட்டியைத் திணித்தான். அவனும் சொன்னான், தமிழில். "தொண்டை." அவன் படித்த முதல் தமிழ் வார்த்தை அதுதான்.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. இதை எழுதாதீர். இந்த ஊருக்கு என் தொண்டைமேல் இவ்வளவு பிரியம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. லீக் போகிறது, டீம் போகிறது, அந்த நேரத்திலும் ஒரு கிழவனுடைய தொண்டையைப் பற்றி யோசிக்கிறார்களே.

மிச்ச நேரம் ஒரு பந்து உள்ளே வரவில்லை. விசில். லீக் எங்களுக்கு. முதலாளி இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "டீம் இருக்கும் மாஸ்டர். நீரும் இரும். அப்படியே இரும்" என்றார். அப்படியே என்று இரண்டு தடவை சொன்னார்.

அவ்வளவுதான். இதுதான் வியூகம். மூன்று பேர் தாழ்ப்பாள், ஊறவைக்கிற பொறுமை. மற்றதெல்லாம் பேச்சு.

இப்போது தொண்டை எப்படி என்று கேட்கிறீரா? கேட்டீரே, நல்லது. போன மாதம் கிளப்பில் எல்லாருக்கும் உடம்பு பார்க்க மதுரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பெரிய டாக்டர் தொண்டையையும் பார்த்தார். புண் எங்கே என்றேன். எந்தப் புண் என்றார். இருந்தது டாக்டர், பெரிய புண் என்றேன். குழாய் விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, இந்தத் தொண்டையில் எந்தக் காலத்திலும் ஒன்றும் இருந்ததில்லை, தழும்புகூட இல்லை, சின்னப்பிள்ளைத் தொண்டை என்றார்.

அதுதான் வைத்தியம். தழும்புகூட இல்லாமல். வெறும் பனங்கற்கண்டில். மதுரைக்காரருக்கே பிடிபடவில்லை.

என்ன இருமல் உமக்கு? கற்கண்டு தொண்டையில் சிக்கிவிட்டதா? தின்னாதீர் என்றேன்.

அடுத்த வாரம் புது சீசன். தொண்டை சுத்தமாகிவிட்டது, இனி லைனில் நிற்கலாம் என்று பையன்களிடம் நேற்றுச் சொன்னேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள். ஜெனிஸ்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்தேவிட்டான். புகாரிதான், "எதுக்கும் நாளைக்கு ஒருதரம் காயல்பட்டணம் போய்க் காட்டிருவோம் மாஸ்டர். திரும்பவும் வந்துரக் கூடாது பாருங்கோ" என்றான். ராத்திரியே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். அரை மணி நேரம் பேசினான். என் தொண்டைக்கு அரை மணி நேரம்.

அதோ, கார். ஆரன் அடிக்கிறான். நான் வருகிறேன். கற்கண்டை எடுத்துக்கொள்ளும், ரைட் பேக்கும் போகட்டும்.

ஒன்று மட்டும் விடாமல் எழுதும். என் பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம். இந்த வருஷமும் தொண்டையில் ஏதாவது இருந்தால் காயல்பட்டணத்து டாக்டர் பார்த்துக்கொள்வார். அவர் பெயரைப் போடும். போன வருஷம் சரிப்படுத்தியது அவர்தான். டாக்டர் சுலைமான் லெப்பை, காயல்பட்டணம். நம்ம புகாரியின் தங்கையைக் கட்டியவர்.